குப்பையில் போடாத மாத்திரை

அத்தியாயம் 11

கோலா லிப்பிஸ் தாண்டித் தண்டவாளத்தில் படுத்துக் கிடந்த ஒரு புலியை, ரயில்வே கார்டு சற்குணம் வெறும் பச்சைக் கொடியைக் காட்டியே எழுப்பி அனுப்பியிருக்கிறார். புலி எழுந்தது, சோம்பல் முறித்தது, மரியாதைக்கு ஒரு தடவை தலையை ஆட்டியது, காட்டுக்குள் போய்விட்டது. வண்டி இரண்டு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை.

அவர் குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் இதை நம்பிய ஆத்மா ஒன்றுகூட இல்லை. அவர் மனைவி புஷ்பவல்லியோ, கல்யாணமான நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன எதையுமே நம்பியதில்லை. மழை வருகிறது என்று அவர் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கை நனைந்த பிறகுதான் கொடியில் காயும் துணியை எடுக்கப் போவாள்.

நம்பிய ஒரே ஒருத்தி கிள்ளானில் இருந்தாள். அவருடைய தங்கை சுகிர்தம். அவள் புலியையும் நம்பினாள். அப்புறம் அந்தப் புலி என்ன ஆனது என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் விசாரிப்பாள்.

அந்தச் சுகிர்தத்தின் இடது காலைத்தான் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சென்ற வாரம் டாக்டர் சொன்னார். அவள் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட மறுத்ததோடு நாம் வார்டை விட்டு வந்தோம்.

ஏன் மறுத்தாள் என்பதற்கு ஜனவரி மாதத்துக்குப் போக வேண்டும்.

சற்குணத்தின் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. யாராவது ஒருவர் எழுந்துபோய், அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். அன்று அவர் முறை. கிளினிக்கில் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில் பதினெட்டில் நின்ற சர்க்கரை, இருக்கவேண்டிய ஆறுக்கு இறங்கியிருந்தது. அதற்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்து உட்காரலாம் என்றுதான் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிறது. இந்தப் பத்து வருடத்தில் யாரும் அவர் முகத்தைப் பார்த்து நாலு நிமிடம் சேர்ந்தாற்போல் ஒன்றைக் கேட்டதில்லை. இப்போது நூற்றிருபது முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

முதல் வாக்கியம் பாதியில் இருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஓர் அல்லேலூயா வந்தது. அவ்வளவுதான். பதினெட்டு இருபத்தெட்டாகிவிட்டது. மாத்திரையால் என்பது மாத்திரை இல்லாமல் என்று மாறியது. அத்தனை மாத்திரையையும் வாரிக் குப்பையில் போட்டேன், ஜெபம் மட்டும்தான் செய்தேன், ஏழே நாளில் சர்க்கரை ஐந்து என்று முடித்தார். அன்றைக்கு எழுந்த கைதட்டலில் பங்சார் வரைக்கும் புறாக்கள் பறந்துபோயிருக்கும்.

பாம்பு ஏதேன் தோட்டத்தில் மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது? மைக் வயருக்குள்ளும் சுருண்டு படுத்திருக்கும்.

வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். வழக்கம்போல் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினார்.

அன்றைக்கு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சுகிர்தம் கிள்ளானுக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நாளில் இன்சுலின் ஊசியை நிறுத்தினாள். மாத்திரையையும் நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை, தன் சாட்சி நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் நாள் முழுக்க நின்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறவள். ஜூன் மாதம் புதுச் செருப்பு சுண்டுவிரலைக் கடித்தது. சர்க்கரைக் கால் வலியைச் சொல்லாது. கறுத்த பிறகுதான் சொன்னது.

இதெல்லாம் பழைய கதை. இன்று ஞாயிற்றுக்கிழமை.

காலை ஏழரை மணிக்குச் சற்குணம், தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாக மனைவியிடம் சொன்னார். ஆராதனை முடிந்ததும் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போவதாகவும், மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை என்று அவள் காலடியில் உட்கார்ந்து சொல்லப் போவதாகவும் சொன்னார். புஷ்பவல்லி சேலை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லுவீங்க, சொல்லுவீங்க," என்றாள்.

வழக்கமான குத்தல்தான். ஆனால் வழக்கமான காரம் அதில் இல்லை. சற்குணத்துக்கு அது அப்போது உறைக்கவில்லை.

எட்டு மணிக்குத் தங்கை மகள் வாணி போன் செய்தாள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கிற பெண், நாலு நாளாக லீவு போட்டு வார்டிலேயே கிடக்கிறாள். அம்மா மனம் இளகிவிட்டார்களாம். காலை ஜெபம் முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார்களாம். விஷம் மேலே ஏறிக்கொண்டிருப்பதால் நாலு மணிக்குள் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தாமதித்தால் காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது, ஆளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்பதை வாணி இங்கிலீஷில் சொன்னாள். தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

போனை வைத்ததும் சற்குணத்தின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அது இறங்கிய இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவள்தான் கையெழுத்துப் போடப் போகிறாளே, இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும்? காலும் போய், அண்ணன் பொய்யன் என்ற செய்தியும் சேர்ந்து வந்தால் அவள் தாங்குவாளா? தங்கையின் நன்மைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சோதனை எப்போதும் இப்படித்தான் வரும். நம்மை நல்லவனாக்கிக் காட்டிவிட்டு, அப்புறம்தான் விலையைச் சொல்லும்.

சபையில் பாஸ்டர் சுகுமாறன் கிள்ளான் சகோதரிக்காக விசேஷ ஜெபம் என்று அறிவித்தார். ஜெபத்துக்கு முன்னால், நம் விசுவாசம் தளராமல் இருக்க, அண்ணன் சற்குணம் தன் சாட்சியை இன்னொரு தடவை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வரிசையிலிருந்து மேடைக்குப் பதினோரு அடி. ஒவ்வோர் அடியிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஆறாவது அடியில் முதல் வார்த்தையைக்கூட நாக்கில் எடுத்து வைத்துக்கொண்டார். மைக் கைக்கு வந்தது. முகங்கள் திரும்பின. மூன்றாவது வரிசையில் டயலிசிஸ் போகிற ஒரு பெரியவர், அவரை ஏதோ தேவதூதனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். தூண் ஓரத்தில் காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்காக ஆராதனை முழுவதும் லைவில் போகும்.

நாக்கில் இருந்த வார்த்தையை விழுங்கிவிட்டார்.

இருபத்தெட்டு, ஐந்து, குப்பைத்தொட்டி எல்லாம் வந்தன. இந்தத் தடவை கிளினிக் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அழுததாகவும் ஒரு வரி புதிதாக வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. கைதட்டல் இனித்தது. தொண்டையைத் தாண்டியதும் கரித்தது.

எல்லாரும் கைதட்டியபோது புஷ்பவல்லி தட்டவில்லை என்பதை மேடையிலிருந்தே பார்த்தார். மார்ச் மாதத்திலிருந்து அவள் பெண்கள் ஐக்கியத் தலைவி, முன்வரிசையில்தான் இடம். அவள் தலை குனிந்திருந்தது. மடியில் இரண்டு கையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

ஆராதனைக்குப் பிறகு வெளியே டீயும் எண்ணெயில் பொரித்த கறிபாப்பும் கொடுத்தார்கள். டயலிசிஸ் பெரியவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தக் கையை விடுவித்துக்கொண்டுதான் வாணியின் போனை எடுத்தார்.

"மாமா, அம்மா பேனாவ வாங்கிட்டாங்க," என்றாள் வாணி. "போடப்போற நேரத்துல உங்க லைவ் ஓடுச்சு. நாந்தான் போன புடிச்சுக் காமிச்சேன், ஜெபத்தப் பாக்கட்டும்னு. பாரத்தக் கிழிச்சுப் போட்டுட்டாங்க மாமா."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கூட்டத்தை விட்டு விலகினார்.

"அழல. சந்தோஷமா இருக்காங்க. அண்ணனுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரான்னு கேக்கறாங்க. காய்ச்சல் முப்பத்தொம்பது டிகிரி. சிரிச்சுக்கிட்டே இருக்காங்க, மாமா."

கறிபாப் கையிலிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கொமுட்டரில் கூட்டமில்லை. இந்தப் பாதையில் சற்குணத்துடன் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், பெட்டாலிங் தொடங்கிக் கிள்ளான் வரை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவர் ஒரு விபத்தைத் தடுத்திருப்பார், ஒரு மந்திரிக்குக் கதவு திறந்துவிட்டிருப்பார். பாத்து தீகா ஸ்டேஷனில் அவர் பிரசவமே பார்த்ததாக ஒரு கதை உண்டு, அதுவும் இரட்டைப் பிள்ளை. இன்று பாத்து தீகா வந்தது, போனது. அவர் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்தில் புஷ்பவல்லி சேலைத் தலைப்பின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஷா ஆலம் தாண்டியபோது அவளிடம் ஒன்றைக் கேட்டார். இத்தனை வருடம் வீட்டில் தான் சொன்ன ஒவ்வொன்றையும் பொய் பொய் என்று சொன்னவள், அன்றைக்குச் சபையில் ஏன் எழுந்து நின்று இது பொய் என்று சொல்லவில்லை? கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புக்கிட் படாக் வரை திரும்பவே இல்லை.

வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில். காலின் மேல் துணி படாமல் இருக்கக் கம்பி வளைவு ஒன்றை வைத்து அதன்மேல் போர்வை போட்டிருந்தார்கள். டெட்டால் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. அதை மறைக்க வாணி இரண்டு ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலைத் தலைமாட்டில் பரப்பியிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால். புதிய பாரம் ஒன்று மேசைமேல் காத்திருந்தது.

அண்ணனைப் பார்த்ததும் சுகிர்தம் எழுந்து உட்காரப் பார்த்தாள். டாக்டர் நிஜமாகவே அழுதாரா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

சற்குணம் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் முழங்காலிட்டார். அறுபத்தொன்பது வயதில் அந்த முழங்கால் எழுப்பிய சத்தம் அடுத்த கட்டில்வரை கேட்டது.

"சுகிர்தம், நான் மாத்திரைய விடவே இல்லம்மா," என்றார். "குப்பையில போடல. அன்னிக்கு மத்தியானமே போட்டுக்கிட்டேன். இன்னிக்குக் காலையிலயும் போட்டுக்கிட்டுத்தான் சபைக்குப் போனேன். டாக்டர் அழுவல. கைதட்டுனாங்க, சொல்லிட்டேன். நான் சொன்னத நம்பித்தான் உன் காலு போச்சு."

அழுவாள், அறைவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தார். சுகிர்தம் சிரித்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"நீ மாறவே மாட்டேண்ணே. அப்பாவோட ரேடியோவ நான் ஒடச்சப்ப, நாந்தான் ஒடச்சேன்னு நீ சொல்லி பெல்ட்டால அடி வாங்கினே. எனக்காகப் பொய் சொல்றதுனா உனக்குப் பச்சத் தண்ணி குடிக்கிற மாதிரி."

"இது பொய் இல்லம்மா. அதுதான் பொய்."

"நான் செத்துடுவேன்னு பயந்து பேசறே. வாணி சொல்லிக் குடுத்தாளா? கர்த்தர் உனக்குச் செஞ்சத இல்லேன்னு சொல்லாதண்ணே. எனக்காக அந்தப் பாவத்தச் செய்யாத."

சற்குணம் சட்டைப் பையைத் துழாவி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்தார். கிளினிக் உறையில் அவர் பெயரும் இந்த மாதத் தேதியும் இருந்தன. அட்டையில் கறிபாப்பின் எண்ணெய் ஒட்டியிருந்தது. சுகிர்தம் அதைக் கையில்கூட வாங்கவில்லை. கிளினிக்கில் மாதாமாதம் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள், எனக்கும்தான் கொடுத்தார்கள், அலமாரி நிறையக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

வாழ்நாளெல்லாம் இல்லாததைச் சொன்னவர். புலியைச் சொன்னார், இரட்டைப் பிள்ளையைச் சொன்னார், சபையே எழுந்து நிற்கிற மாதிரி ஓர் அற்புதத்தைச் சொன்னார். அத்தனைக்கும் வார்த்தை தானாக வந்தது. இன்று நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டியிருக்கிறது, அதை நம்பவைக்க அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. அவர் கெஞ்சினார். கர்த்தர் மேல் ஆணையாக என்றார். இந்த ஆணையை அவள் ஜனவரியிலும் கேட்டிருந்தாள்.

"மாமா, நேரமாவுதுலா," என்றாள் வாணி. மூன்று முப்பத்தைந்து.

"சரி," என்றாள் சுகிர்தம். மூச்சு வாங்கியது. "அண்ணி சொல்லட்டும். ஒருநாளும் உன்ன நம்பாதவங்க அண்ணிதான். இப்ப நீ பேசறது நெசம்னு அவங்க சொன்னா, நான் போடறேன்."

பாரத்தை எடுத்து மார்மேல் வைத்துக்கொண்டாள். பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

"ஆனா சொல்ல மாட்டாங்க," என்றாள். "எப்படிச் சொல்லுவாங்க? நான் என்ன, நீ மைக்ல பேசினத மட்டும் கேட்டா ஊசிய நிறுத்தினேன்? எனக்கும் பயந்தாண்ணே. ஒரு மாசம் நிறுத்தல. அண்ணிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நெசந்தான்னாங்க. அதுக்கப்புறம்தான் நிறுத்தினேன்."

முழங்காலிட்டிருந்த சற்குணம் அப்படியே மனைவி பக்கம் திரும்பினார்.

இது அவருக்குத் தெரியாது. ஜனவரியிலிருந்து தூக்கிச் சுமந்துகொண்டிருந்த பாவத்தில் இன்னொரு தோளும் இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மழைக்குக்கூட சாட்சி கேட்கிறவள் ஒரே ஒரு தடவை அவரை நம்பியதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு தடவைக்குக் கால் போயிருக்கிறது. அவள் இப்போது ஆமாம் என்று சொன்னால் அவர் பொய் மட்டும் வெளியே வராது. அவள் பொய்யும் கூடவர வேண்டும். அதுவும் இந்தக் கட்டிலுக்கு முன்னால், வாணிக்கு முன்னால்.

அவள் தன்னை நம்ப வேண்டும் என்று அவர் இதுவரை ஆசைப்பட்டதே இல்லை. நம்பாமல் இருந்ததில்தான் அவருக்குப் பாதிச் சுவை. இப்போது வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டார்.

புஷ்பவல்லி கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போர்வை கூடாரம்போல் எழும்பியிருந்த இடத்தைப் பார்த்தாள். நாத்தனார் முகத்தைப் பார்க்க முயன்றாள், முடியவில்லை, கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு நீ போன் பண்ணப்ப பாஸ்டரம்மா எதுக்கால உக்காந்திருந்தாங்க, சுகிர்தம். ஐக்கியத்துக்குத் தலைவியா இருக்கியான்னு கேக்க வந்திருந்தாங்க. சாட்சி சொன்ன வீடுன்னுதான் தேடி வந்தாங்க. நீ கேட்டது அவங்க காதுலயும் விழுந்துச்சு. இல்லேன்னு சொல்ல வாய் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

வாணி அம்மாவின் கையிலிருந்த பேனாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வை வெகுநேரம் அங்கேயே நின்றது.

சுகிர்தத்தின் சிரிப்பு உதட்டில் இருந்தபடியே காய்ந்துபோயிற்று.

"அப்ப அண்ணன் இப்ப சொல்றது?" என்று கேட்டாள். குழந்தை கேட்பதுபோல் இருந்தது.

புஷ்பவல்லி கம்பியை விட்டாள். சுற்றிவந்து, கணவரின் பக்கத்தில், அதே தரையில் முழங்காலிட்டாள்.

"நெசந்தான். உங்க அண்ணன் மாத்திரைய ஒரு நாளும் விடல, நான் தெனம் பாத்தேன். அவரு சொல்றதெல்லாம் நடந்ததுதான், சுகிர்தம்."